கானாவுல ஒரு கலாச்சார வாரம்: மூணு நாள் கிராமம், மூணு நாள் வேன்

நானும் என் அக்காவும் போன மாசம் கானா போயிட்டு வந்தோம். "கலாச்சார வாரம்"னு ஏழு நாள் பேக்கேஜ், தலைநகர் அக்ராவுல இருக்குற ஒரு சின்ன கம்பெனி நடத்துறது. பேரு இங்க போடல, ஏன்னா கீழ சொல்லப்போற குறையெல்லாம் அவங்களுக்கே நேரா எழுதி அனுப்பிட்டேன், திருத்திக்க ஒரு வாய்ப்பு குடுக்கணும். இதே ரூட்டுல இதே மாதிரி வாரம் நடத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க, ப்ரோகிராம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு, அதனால நீங்க யார்கிட்ட புக் பண்ணாலும் இது உதவும்.

ஆளுக்கு 950 டாலர், விமான டிக்கெட்டும் விசாவும் தனி. அக்ராவுல ஒரு நாள், குமாசி பக்கத்துல அசான்டே இன மக்களோட ஒரு கிராமத்துல ஒரு வீட்டுல தங்கி மூணு நாள், கேப் கோஸ்ட்ல கோட்டை, ககும் காடு, நடுவுல வேன். எங்க குரூப்ல மொத்தம் 11 பேர், அதுல ஆறு பேர் அமெரிக்காவுலேருந்து வந்த கறுப்பினத்தவங்க, அவங்களுக்கு இது வெறும் டூர் இல்ல, அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு கேப் கோஸ்ட் போனப்புறம்தான் முழுசா புரிஞ்சுது.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். அந்த கிராமத்து மூணு நாளுக்காக மட்டுமே முழு காசையும் தாராளமா குடுக்கலாம். எங்கெல்லாம் நம்ம கையில ஒரு வேலைய குடுத்து உக்கார வெச்சாங்களோ அங்கெல்லாம் இந்த வாரம் தங்கம். எங்கெல்லாம் இறக்கி விட்டு, காட்டி, போட்டோ எடுக்க விட்டு, திரும்ப வேன்ல ஏத்துனாங்களோ அங்கெல்லாம் மனசு ஒட்டவே இல்ல, ரெண்டு இடத்துல கோவமே வந்துச்சு.

அக்ராவ சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். போய் இறங்கின அன்னிக்கு சாயங்காலம் ஹோட்டல் மொட்டை மாடியில ஒரு மணி நேரம் ட்வி மொழி சொல்லிக்குடுத்தாங்க, அத யாரும் தூக்கம் வருதுன்னு விட்டுடாதீங்க, வாரம் பூரா சோறு போட்டது அந்த ஒரு மணி நேரம்தான். காலையில மாச்சே, மதியம் மாஹா, சாயங்காலம் மாஜோ, நன்றிக்கு மேடாசே, எப்படி இருக்கீங்கன்னா எதே சென். அங்க வணக்கம் சொல்லாம எதையும் கேட்கக்கூடாது, வழி கேட்கறதா இருந்தாலும் தண்ணி வாங்கறதா இருந்தாலும் முதல்ல வணக்கம், அப்புறம்தான் விஷயம். இன்னொண்ணு, எதைக் குடுத்தாலும் வாங்கினாலும் வலது கைதான். எங்க அக்கா இடது கைக்காரி. மறுநாள் மகோலா மார்க்கெட்ல தக்காளி விக்கற ஒரு அம்மாகிட்ட இடது கையில காச நீட்டிட்டா, அந்தம்மா திட்டல, முறைக்கல, கைய மடியில வெச்சுக்கிட்டு அக்கா முகத்தையே பார்த்துட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. எனக்கு சட்டுனு பொறி தட்டி "அக்கா, கைய மாத்து"ன்னேன். மாத்தினதும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு ரெண்டு தக்காளி கூட போட்டாங்க. அதுலேருந்து அக்கா ஏழு நாளும் இடது கைய கைப்பை வாரோடவே பிடிச்சுக்கிட்டு திரிஞ்சா.

அன்னிக்கு ட்ரோ ட்ரோவுலயும் கூட்டிட்டு போனாங்க, அதாவது ஷேர் வேன். கதவுல தொங்கிக்கிட்டு வர பையனுக்கு மேட்னு பேரு, "சர்க் சர்க் சர்க்"னு கத்துவான், அது கானா சுதந்திரத் தலைவர் க்வாமே இன்க்ரூமா பேர்ல இருக்குற சர்க்கிளுக்கு போற வண்டி. காச முன்னாடி சீட்டுக்காரர் கையில குடுத்தா கை மாறி கை மாறி மேட் கிட்ட போகுது, மீதி சில்லறை அதே மாதிரி கை மாறி திரும்பி வருது, ஒரு பெசெவா குறையல. அப்புறம் இன்க்ரூமா நினைவிடம். 1957 மார்ச் 6ந்தேதி சுதந்திரம் அறிவிச்ச பழைய போலோ மைதானத்துலதான் அந்த இடம் இருக்கு. கைடு நல்லா சொன்னாரு, ஆனா நாப்பது நிமிஷத்துல கெளப்பிட்டாங்க. ஜேம்ஸ்டவுன்ல கலங்கரை விளக்கம், மீன்பிடி படகு, அவ்ளோதான்.

ரெண்டாம் நாள் அக்ராவுலேருந்து குமாசி. ஒரு 250 கிலோமீட்டர் இருக்கும், ஆனா ஊர் ஊரா நெரிசல், ரோடு வேலை, எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆச்சு. இந்த வழியிலதான் எனக்கு முதல் கோவம் வந்துச்சு. ப்ரோகிராம்ல "பள்ளி சந்திப்பு"ன்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. நான் ஏதோ டீச்சர்களோட உக்காந்து பேசப்போறோம்னு நெனச்சேன். போனா ஒரு தொடக்கப் பள்ளி, கிளாஸ் நடந்துட்டு இருக்கு, போர்டுல பாதி கணக்கு அப்படியே நிக்குது, பிள்ளைங்கள எழுப்பி வெளியில வரிசையா நிக்க வெச்சு எங்களுக்காக பாட வெச்சாங்க, ஆட வெச்சாங்க, அப்புறம் நாங்க பிஸ்கட் குடுக்கணுமாம், குடுக்கும்போது போட்டோ எடுத்துக்கலாமாம். ஒரு பொண்ணு கையில பென்சிலோடவே ஆடுனா, எழுதிட்டு இருந்தவ அப்படியே வந்திருக்கா. நானும் அக்காவும் போட்டோ எடுக்கல, இன்னும் நாலு பேரும் எடுக்கல. வாரத்துக்கு ஒரு குரூப் வந்தா வாரத்துக்கு ஒரு தடவ அந்த பிள்ளைங்களோட கணக்கு கிளாஸ் நிக்குது. பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை போகுதுன்னு சொன்னாங்க, போகட்டும், நல்லது, அத பேக்கேஜ் காசுலேருந்து நேரா குடுத்துடலாம், அதுக்கு பிள்ளைங்கள ஆட வைக்க வேண்டிய அவசியமே இல்ல. நீங்க புக் பண்ணும்போது இத கேளுங்க. பள்ளிக்கூடமோ அனாதை இல்லமோ ப்ரோகிராம்ல இருந்தா எடுத்துடச் சொல்லுங்க, நாம கேட்டாதான் மாறும்.

சரி, இப்ப கிராமத்துக்கு வரேன். இதத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

பொழுது சாயற நேரத்துக்கு போய் சேர்ந்தோம். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்பினாங்க. எங்களுக்கு கிடைச்சது நடுவுல பெரிய முற்றம், சுத்தி அறைகள்னு இருந்த ஒரு பழைய வீடு. எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டி, அவங்கள எல்லாரும் நானான்னு கூப்பிடறாங்க, பெரியவங்களுக்கு அங்க அப்படித்தான். அவங்க பொண்ணு, அவங்கள நாங்க ஆன்ட்டின்னு கூப்பிட்டோம், அப்புறம் பேரப்பிள்ளைங்க அஞ்சு பேர். உள்ள போனதும் பேச்சு கிடையாது. ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி. குடிச்சு முடிக்கற வரைக்கும் எல்லாரும் அமைதியா இருந்தாங்க. அதுக்கப்புறம் நானாவோட தம்பி, வயசானவரு, துணிய தோள்ல சுத்திக்கிட்டு எதிர்ல உக்காந்து "இங்க எல்லாம் அமைதியா இருக்கு, நீங்க என்ன சேதியோட வந்திருக்கீங்க"ன்னு கேட்டாரு. இதுக்கு அமானேன்னு பேரு, வழிப்போக்கனா வந்தாலும் சொந்தக்காரனா வந்தாலும் முதல்ல உக்காரு, தண்ணி குடி, அப்புறம் வந்த காரணத்த சொல்லு. காரணம் எல்லாருக்கும் தெரியும், டூர் கம்பெனி அனுப்பி வெச்சிருக்கு, ஆனா அவரு நெசமாவே கேட்டாரு, நாங்களும் நெசமாவே பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "உங்க வீட்டுல எப்படி வாழறீங்கன்னு பார்த்து கத்துக்க வந்தோம்"னு சொன்னா. கைடு அத ட்வியில சொன்னதும் நானா தலையாட்டி "அக்வாபா"ன்னாங்க, அதாவது நல்வரவு. ஏர்ப்போர்ட்டுலேருந்து எல்லா சுவத்துலயும் அந்த வார்த்தைய பார்த்திருந்தேன், அன்னிக்குதான் அது எனக்கு சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஏன் நானாவோட தம்பி வந்து கேட்டாருன்னு அன்னிக்கு ராத்திரி ஆன்ட்டி வெளக்கி சொன்னாங்க. அசான்டேக்களும் அகான் மக்கள்ல ஒரு பிரிவு, அகான் மக்கள்கிட்ட பிள்ளைங்க அம்மா வழி குலத்துக்குதான் சொந்தம், அபுசுவான்னு பேரு, ஓயோக்கோ, ப்ரெத்துவோ, அகோனான்னு எட்டு குலம் இருக்கு. அதனால தாய்மாமன், வோஃபான்னு சொல்றாங்க, அவருக்கு வீட்டுல பெரிய இடம். பழைய முறைப்படி ஒருத்தர் செத்தா சொத்து அவரோட பிள்ளைங்களுக்கு போகாது, அக்கா தங்கச்சி பசங்களுக்கு போகும். இதனால எத்தனையோ பொண்டாட்டியும் பிள்ளைங்களும் நடுத்தெருவுல நின்னிருக்காங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க, 1985ல வாரிசுச் சட்டம் கொண்டுவந்து பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு பங்கு உண்டுன்னு ஆக்கினாங்க. அந்த வீடே அம்மா வழி வீடுதான், அங்க ஆன்ட்டியோட புருஷன் தங்கறது இல்ல, அவரு அவங்க அம்மா வீட்டுல இருக்காரு, ரெண்டு தெரு தள்ளி, சாயங்காலம் வந்து பிள்ளைங்கள பார்த்துட்டு சாப்பிட்டுட்டு போவாரு. இதெல்லாம் எந்த மியூசியத்துலயும் போர்டு படிச்சு மனசுல ஏறாது, அவரு டிஃபன் கேரியர கையில எடுத்துக்கிட்டு "மாஜோ"ன்னு சொல்லிட்டு கெளம்பறத பார்த்தப்பதான் ஏறுச்சு.

மறுநாள் காலையில பேர் வெச்சாங்க. அங்க பொறந்த கிழமைதான் முதல் பேரு. வெள்ளிக்கிழமை பொறந்த ஆம்பளைன்னா கோஃபி, கோஃபி அன்னான் அப்படித்தான். சனிக்கிழமைன்னா க்வாமே, இன்க்ரூமா. குழந்தை பொறந்து எட்டாம் நாள் நாக்குல ஒரு சொட்டு தண்ணி, ஒரு சொட்டு சாராயம் வெச்சு, தண்ணிய தண்ணின்னு சொல்லு, சாராயத்த சாராயம்னு சொல்லு, அதாவது உள்ளத உள்ளபடி சொல்லுன்னு சொல்லி பேர் வைப்பாங்களாம். எங்களுக்கு வெறும் தண்ணிதான் வெச்சாங்க. நான் வியாழக்கிழமை, அதனால யா. அக்கா ஞாயித்துக்கிழமை, அகோசுவா. இத புக் பண்ணும்போது "பெயர் சூட்டும் சடங்கு"ன்னு படிச்சுட்டு வெள்ளைக்காரங்களுக்காக போடற நாடகமா இருக்கும்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் மூணு நாளும் அந்த வீட்டுல, பக்கத்து வீட்டுல, தெருவுல யாரும் என் சொந்தப் பேர சொல்லவே இல்ல, யா யான்னுதான் கூப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு தாத்தா ஒருத்தர் என்ன பார்க்கறப்பெல்லாம் "யா அசான்டேவா"ன்னு கை தூக்குவாரு. 1900ல பிரிட்டிஷ் கவர்னர் அசான்டேக்களோட தங்க ஆசனத்த கொண்டா, நான் உக்காரணும்னு கேட்டப்ப, ஆம்பளைங்க தயங்கி நின்ன நேரத்துல போருக்கு கெளம்பின எஜிசு ஊர் ராணித்தாய் அவங்க. கடைசியில பிடிச்சு செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினாங்க, 1921ல அங்கயே இறந்துட்டாங்க. ஆனா தங்க ஆசனம் கடைசி வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க கையில சிக்கல.

ஃபுஃபு இடிக்கறத பத்தி தனியா சொல்லணும். மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் வேக வெச்சு உரல்ல போட்டு இடிக்கறது. உரல் அகலமா தாழ்வா இருக்கு, உலக்கை ஆள் உசரத்துக்கும் மேல, நுனி அடிச்சு அடிச்சு பூ மாதிரி விரிஞ்சு கெடக்கு. ஒருத்தர் நின்னு இடிக்கணும், ஆன்ட்டி கீழ உக்காந்து ஒவ்வொரு இடிக்கும் நடுவுல கைய உள்ள விட்டு மாவ மடிச்சு திருப்பி விடறாங்க, உலக்கை மேல போற அந்த ஒரு நொடியிலதான் கை உள்ள போகுது, நடுநடுவுல தண்ணியில விரல நனைச்சுக்கறாங்க, அவங்க உலக்கைய பார்க்கறதே இல்ல, வாசல்ல யாரோ போறாங்க அவங்களோட பேசிக்கிட்டே இருக்காங்க. என் கையில உலக்கைய குடுத்தப்ப எனக்கு இடிக்கவே பயம், எங்க விரல் மேல போட்டுடுவனோன்னு மெதுவா போட்டேன். ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்து "யா, மெதுவா இடிச்சா எனக்கு தாளம் தெரியாது, அப்பதான் கை நசுங்கும், ஒரே மாதிரி இடி"ன்னாங்க. அதுக்கப்புறம் ஒரே மாதிரி இடிச்சேன். ஒரு நூறு இடிக்கு மேல இருக்கும், தோள்பட்டை கழண்டுடும் போல ஆயிடுச்சு, ஆனா மாவு பளபளன்னு ஒட்டாம உருண்டு வந்தப்ப நானா வந்து விரலால தொட்டு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போனாங்க, அது பாஸ்னு ஆன்ட்டி சொன்னாங்க. கடலைக் குழம்புல போட்டு வலது கையால எடுத்து மெல்லாம முழுங்கணும். முதல் வாய் கஷ்டம், மூணாவது வாய்க்கு பழகிடுச்சு.

போன்விரேவுக்கு நாலாம் நாள் போனோம், கென்டேங்கற துணி நெய்யற ஊரு, குமாசியிலேருந்து 18 கிலோமீட்டர். ஒரு பெரிய கொட்டகை, உள்ள வரிசையா தறி, எல்லாத்துலயும் ஆம்பளைங்க, பழைய வழக்கப்படி பொம்பளைங்க தறியில உக்காரக்கூடாதுன்னு இருந்துச்சாம், இப்ப மாறிட்டு வருதுன்னு சொன்னாங்க, எங்கள உக்கார வெச்சாங்க. ரெண்டு பேர் காட்டுல சிலந்தி வலை பின்றத பார்த்து கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சதுதான் கென்டேன்னு ஒரு கதை சொல்றாங்க, சிலந்தி அவங்க கதைகள்ல பெரிய ஆளு, க்வாக்கு அனான்சே.

அந்தத் தறி நான் நெனச்ச மாதிரி இல்ல. நெய்யற துணி அகலம் ஒரு சாண் கூட இல்ல, நாலு விரல் அகலத்துக்கு கொஞ்சம் மேல, பட்டை பட்டையாதான் நெய்யறாங்க. அப்புறம் அந்த பட்டைகள பக்கம் பக்கமா வெச்சு தைச்சு பெரிய துணி ஆக்கறாங்க, ஒரு ஆம்பளை போர்த்தற துணிக்கு இருபதுக்கு மேல பட்டை வேணும். பாவு நூல் நெய்யறவருக்கு முன்னாடி பல அடி தூரத்துக்கு தரையோட நீண்டு போகுது, அந்தக் கோடியில ஒரு கனமான கல்லுல கட்டியிருக்காங்க, துணி நெய்ய நெய்ய அந்த கல்லு தரையில தேய்ச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும். பாவு நூல மேலயும் கீழயும் பிரிக்கற விழுதுகள கால்விரலாலதான் இழுக்கறாங்க, கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஒரு கயிறு, அதோட முனையில வட்டமா வெட்டின பழைய ரப்பர் செருப்புத் துண்டு. வலது கால் அமுக்கினா ஒரு வழி திறக்கும், குறுக்கு நூல் வெச்ச நாடா பாயும், சீப்பு மாதிரி இருக்குற அச்ச இழுத்து ஒரு தட்டு, இடது கால். எனக்கு சொல்லிக்குடுத்தவருக்கு முப்பது வயசு இருக்கும், ஒம்பது வயசுல ஆரம்பிச்சாராம். காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தேன், மதியம் ஒரு மணிக்கு எழுந்தேன், நாலு மணி நேரத்துல நான் நெய்தது என் உள்ளங்கை நீளம். ஓரம் நேரா வரவே இல்ல, குறுக்கு நூல ஒரு தடவ இறுக்கி இழுத்துட்டேன், அந்த இடத்துல இடுப்பு மாதிரி உள்ள வாங்கிடுச்சு. பிரிச்சிடவான்னு கேட்டேன், வேணாம், அடுத்த வரிய பாருன்னாரு.

இதுதான் இந்த வாரத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச நாலு மணி நேரம். கென்டே நெசவ 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்திருக்காங்க, அந்தப் பெருமை அந்த கொட்டகையில எல்லார் பேச்சுலயும் இருந்துச்சு. அதே நேரம் மார்க்கெட்ல கென்டே டிசைன்ன மெஷின்ல அச்சடிச்ச துணி மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, விலை பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, அதுதான் இவங்க கவலை. வித்தியாசம் கண்டுபிடிக்கறது ஈஸி, திருப்பி பாருங்க, நெய்ததுல பின்பக்கமும் நூல்ல டிசைன் இருக்கும், தையல் பட்டை பட்டையா தெரியும், அச்சடிச்சதுல பின்னாடி வெளிறி இருக்கும். முழு துணி வாங்க முடியலன்னா ஒரே ஒரு பட்டை வாங்குங்க, நெய்தவர் கையிலேருந்து, பேரம் பேசறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பத்து நிமிஷமாவது தறியில உக்காந்து பாருங்க, அப்புறம் பேரம் பேச மனசு வராது.

அன்னிக்கு மதியம் என்டோன்சோ, அடின்க்ராங்கற சின்னங்கள துணியில அச்சடிக்கற ஊரு. மரப்பட்டைய இடிச்சு ஊற வெச்சு காய்ச்சி காய்ச்சி தார் மாதிரி ஆக்கின மை, சுரைக்குடுக்கைத் துண்டுல செதுக்கின அச்சு. நான் சங்கோஃபா எடுத்தேன், திரும்பிப் போய் எடுத்துக்கோன்னு அர்த்தம், அக்கா க்யே ந்யாமே, கடவுளத் தவிர வேற எதுவும் இல்லன்னு. ஒன்றரை மணி நேரம், நல்லாவே இருந்துச்சு, ஆனா போன்விரேக்கு அப்புறம் அதே நாள்ல வெச்சதால உடம்புல தெம்பு இல்ல. இத வேற நாள் வெச்சிருக்கலாம்.

அஞ்சாம் நாள் காலையில மேளம். ஆட்டும்பான்னு ரெண்டு பெரிய மேளம், ஒண்ணு ஆண் குரல், ஒண்ணு பெண் குரல். ட்வி மொழியில ஒரே சொல்ல ஏத்தி சொன்னா ஒரு அர்த்தம் இறக்கி சொன்னா ஒரு அர்த்தம், அதனால அந்த ஏத்த இறக்கத்த மேளத்துல வாசிச்சாலே கேட்கறவங்களுக்கு வார்த்தை புரியும். மேளக்காரர் ஏதோ வாசிச்சாரு, முற்றத்துல துணி காயப்போட்டுட்டு இருந்த நானா திரும்பி சத்தமா பதில் சொன்னாங்க. அவரு வணக்கம் சொல்லி நலம் விசாரிச்சிருக்காரு. எங்க யாருக்கும் உடம்பு சிலிர்க்காம இல்ல.

மதியம் மன்ஹியா அரண்மனை மியூசியம். செஷல்ஸ்ல நாடு கடத்தப்பட்டு 1924ல திரும்பி வந்த மன்னர் ப்ரெம்பேவுக்காக கட்டின வீடு அது. பெரும்பாலும் 19ம் நூற்றாண்டு போர்கள்ல பிரிட்டிஷ் படை குமாசியிலேருந்து கொள்ளையடிச்சுட்டு போன 32 அரச பொருள் 2024ல லண்டன்லேருந்து கண்காட்சிக்கு வந்துச்சு, பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் மூணு வருஷக் கடனாதான் குடுத்திருக்காங்க, அவங்க நாட்டு சட்டப்படி திருப்பித் தர முடியாதாம். எங்க குரூப்ல இருந்த ஒரு பெரியவர் கைடு கிட்ட "கடனா?"ன்னு மூணு தடவ கேட்டாரு. கைடு அமைதியா "ஆமா, கடனா"ன்னாரு.

இங்கதான் இன்னொரு பெரிய குறை. அசான்டேஹேனே, அதாவது அசான்டே மன்னர், 42 நாளுக்கு ஒரு தடவ ஞாயித்துக்கிழமை அக்வாசிடே அன்னிக்கு அரண்மனையில கொலு வீற்றிருப்பாரு, பெரிய பெரிய குடை, கொம்பு, ஃபோன்டொம்ஃப்ரோம் மேளம், தங்கம் போட்டுக்கிட்டு தலைவர்கள் எல்லாரும் வருவாங்க, பொதுமக்களும் போகலாம். நாங்க அங்க நின்னது வியாழக்கிழமை, அந்த வார ஞாயித்துக்கிழமைதான் அக்வாசிடே. மூணே நாள்! தேதி எல்லாம் முன்கூட்டியே கணக்கு போட்டு வெச்சிருக்காங்க, கம்பெனிக்கு தெரியாம இருக்காது, வாரத்த மூணு நாள் தள்ளி வெச்சிருந்தா எங்க 11 பேருக்கும் வாழ்நாள்ல மறக்க முடியாத ஒண்ணு கெடைச்சிருக்கும். நீங்க புக் பண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான், இந்த வாரத்துல அக்வாசிடே வருதா.

ஆறாம் நாள் காலையில கெளம்பறப்ப நானா எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சு "நான்தே யியே"ன்னாங்க, நல்லபடியா நடந்து போங்கன்னு அர்த்தம். அக்கா அழுதுட்டா. திரும்ப வேன்.

கேப் கோஸ்ட் போற வழியில அசின் மான்சோ. உள்நாட்டுலேருந்து சங்கிலி போட்டு நடக்க வெச்சு கூட்டிட்டு வந்த அடிமைகள கடைசியா குளிப்பாட்டின ஆறு, விக்கறதுக்கு முன்னாடி. 1998ல அமெரிக்காவுலேருந்தும் ஜமைக்காவுலேருந்தும் ரெண்டு முன்னோர்களோட எலும்புகள கொண்டு வந்து இங்க அடக்கம் பண்ணியிருக்காங்க. செருப்ப கழட்டிட்டு ஆத்துக்கு நடந்தோம். இங்க கைடு ரொம்ப நல்லவரு, பேச வேண்டிய இடத்துல மட்டும் பேசினாரு.

ஏழாம் நாள் காலையில கேப் கோஸ்ட் கோட்டை, அடிமைகள கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி அடைச்சு வெச்ச இடம். 1653ல ஸ்வீடன்காரங்க ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷத்துல பிரிட்டிஷ் கைக்கு போன கோட்டை, இந்த மாதிரி கானா கடற்கரையில இருக்குற கோட்டைகள 1979லயே யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சிருக்கு. ஆம்பளைங்கள அடைச்ச நிலவறைக்குள்ள இறங்கினோம், மேல ஒரு சின்ன ஓட்டை, அதுதான் வெளிச்சம் காத்து எல்லாம். அந்த நிலவறைக்கு நேர் மேலதான் வழிபாட்டுக் கூடம் இருந்துச்சுன்னு கைடு சொன்னாரு. சொல்லிட்டு லைட்ட அணைச்சாரு. எங்க குரூப்ல அமெரிக்காவுலேருந்து வந்த ஒரு அம்மா, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், இருட்டுல அப்படியே தரையில உக்காந்துட்டாங்க, லைட்ட போட்டப்புறமும் எழுந்திருக்கல, உள்ளங்கைய தரையில வெச்சு அழுத்திக்கிட்டு இருந்தாங்க. யாரும் பேசல. அந்த நேரத்துல மேலேருந்து எங்க வேன் டிரைவர் ஹாரன் அடிக்கறாரு. மதிய சாப்பாடு புக் பண்ணியாச்சு, அதுக்கப்புறம் ககும் போகணும், நேரம் ஆகுதுன்னு ஒருங்கிணைப்பாளர் படியில நின்னு கூப்பிடறாரு. கோட்டைக்கு மொத்தமே ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தாங்க.

இத என்னால மன்னிக்க முடியல. 2019ல கானா அரசாங்கம் திரும்பி வரும் ஆண்டுன்னு அறிவிச்சு, அமெரிக்காவுல வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகள் போய் 400 வருஷம் ஆனத நினைச்சு, உங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. அப்படி கூப்பிட்டு வந்தவங்கள அந்த நிலவறையில அவசரப்படுத்தக்கூடாது. அன்னிக்கு நாங்க நாலு பேர் அந்த அம்மாவோடவே உக்காந்துட்டோம், சாப்பாடு வேணாம்னு சொல்லிட்டோம். அப்புறம் மெதுவா எழுந்து "திரும்பாத வாசல்" வழியா வெளிய வந்தோம், அடிமைகள கப்பலுக்கு கூட்டிட்டு போன வாசல் அது. வெளிய வெயில், வரிசையா கலர் கலரா படகு, வலை பின்ற ஆளுங்க, பந்து விளையாடற பசங்க. அந்த வாசலோட மறுபக்கம் "திரும்பி வரும் வாசல்"னு போர்டு வெச்சிருக்காங்க, அந்த அம்மா அத படிச்சுட்டு அது வழியாவே திரும்ப உள்ள நடந்தாங்க. நாங்க பின்னாடி போனோம்.

ககும் காட்டுல மரத்துக்கு மேல தொங்கு பாலம், ஏழு பாலம் சேர்ந்து 350 மீட்டர், கீழ 40 மீட்டர் பள்ளம். நல்ல அனுபவம்தான், ஆனா காலையில அந்த நிலவறை, மதியம் இது, மனசு அங்கேருந்து இங்க வரவே இல்ல. ராத்திரி அக்ராவுக்கு திரும்பற வழியில ஒரு கைவினைக் கடையில முக்கால் மணி நேரம் நிறுத்தினாங்க, அந்த முக்கால் மணி நேரத்த கோட்டையில குடுத்திருக்கலாம்.

சாப்பாடு பத்தி, முக்கியமா சைவம் சாப்பிடறவங்களுக்கு. அக்கா சைவம். கறி இல்லன்னு சொன்னா பத்தாது, மீன் இல்ல, இறால் தூள் இல்லன்னு தனித்தனியா சொல்லணும், ஷித்தோன்னு கறுப்பா ஒரு காரத் தொக்கு எல்லாத்துக்கும் வெப்பாங்க, அருமையா இருக்கும், ஆனா அதுல மீனும் இறாலும் இருக்கு. ரெட் ரெட்னு காராமணி குழம்பும் பழுத்த வாழைப்பழ வறுவலும், மீன் போடாம கேட்டா கெடைக்கும், அக்கா அதுலதான் வாழ்ந்தா. வாச்சே, அரிசியும் காராமணியும் சோளத் தட்டை இலையோட வேக வெச்சது, இலையால செவப்பா ஆயிடும், காலையில இலையில கட்டி தருவாங்க, தினமும் சாப்பிட்டாலும் சலிக்கல. கெலவெலே, இஞ்சியும் மிளகாயும் போட்டு பொரிச்ச வாழைப்பழத் துண்டு, ராத்திரியில ரோட்டோரம். ஆன்ட்டி அக்காவுக்காக தனியா ஒரு சட்டியில கடலைக் குழம்பு வெச்சாங்க மூணு நாளும், கேட்காமயே.

போறதுக்கு முன்னாடி மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், கெளம்பறதுக்கு குறைஞ்சது பத்து நாள் முன்னாடி போட்டிருக்கணும், சர்டிஃபிகேட்ட ஏர்ப்போர்ட்ல காட்டச் சொல்லுவாங்க. மலேரியா மாத்திரைக்கு டாக்டர பாருங்க, கொசுவலை எங்க வீட்டுல இருந்துச்சு, எல்லா வீட்டுலயும் இருக்கான்னு கேட்டுக்கோங்க. கிராமத்துல பக்கெட் குளியல்தான், கரன்ட் போகும், டும்சோர்னு அதுக்கு ஒரு பேரே இருக்கு, ஒரு டார்ச் எடுத்துட்டு போங்க. கையில சின்ன நோட்டா சீடி, அதாவது கானா பணம், வெச்சுக்கோங்க, ஊருக்குள்ள நூறு சீடித் தாள் மாதிரி பெரிய நோட்டுக்கு சில்லறை கெடைக்காது. வீட்டுக்காரங்களுக்கு பரிசு குடுக்கணும்னா முதல் நாளே வேணாம், ரெண்டு நாள் இருந்து என்ன தேவைன்னு பார்த்துட்டு குடுங்க. நாங்க பேரப்பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கி குடுத்தோம்.

கம்பெனிக்கு நான் எழுதினது நாலு விஷயம்: பள்ளிக்கூடத்த எடுங்க, கைவினைக் கடைய எடுங்க, கோட்டைக்கு அரை நாள் குடுங்க, கிராமத்த அஞ்சு நாள் ஆக்குங்க. அஞ்சு நட்சத்திரத்துக்கு மூணு குடுத்திருக்கேன், அந்த மூணும் அந்த வீட்டுக்கு. அடுத்த தடவ போறப்ப நானும் அக்காவும் குமாசிக்கு நேரா பஸ் பிடிச்சு போறதா இருக்கோம், ஆன்ட்டியோட நம்பர் இருக்கு, போன ஞாயித்துக்கிழமை பேசினோம், நானா பின்னாடிலேருந்து "யா எங்க, அகோசுவா எங்க"ன்னு கேட்டாங்க. நெய்த பட்டை இப்ப என் மேசை மேல இருக்கு, நடுவுல அந்த இடுப்பு மாதிரி உள்ள வாங்கின இடம், அதுக்கு மேல வரி எல்லாம் நேரா.